கியர் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முறை

எண் உயர்ந்தால் எண்ணெயும் உயர்ந்தது என்று எண்ணுவோர் பலர். கையால் கியர் மாற்றும் விளையாட்டுக் கார்களில் இவ்வெண்ணம் நஷ்டம் விளைவிக்கக் கூடும். 1989-ஆம் ஆண்டு ஜப்பானிய மாஸ்டா கம்பெனி வெளியிட்ட எம்.எக்ஸ்-5 காரை உதாரணமாகக் கொள்வோம்.

கியர் மாறும்பொழுது சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது சிங்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளையாலான இது உராய்வினாலேயே வேலை செய்கிறது. ஆகவே எண்ணெயானது பற்களைத் தேயாமற் காக்க வேண்டும். வளையத்தின் பிடிப்பையும் கெடுத்தலாகாது.

ஜி.எல்-5 எண்ணெய், பின் அச்சின் டிபரன்ஷியலில் ஏற்படும் கடும் அழுத்தத்திற்கென அமைந்தது. கந்தகமும் பாஸ்பரமும் கலந்த காப்புப் பொருள் அதில் ஜி.எல்-4 எண்ணெயைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. அத்தகைய எண்ணெய்களுட் சில, சூட்டில் பித்தளையை அரிக்கும். இக்காரின் கைப்புத்தகம் கியர் பெட்டிக்கு இரண்டையும் அனுமதிக்கிறது, எனினும் ஜி.எல்-4 எண்ணெயையே நாம் சிபாரிசு செய்கிறோம். டிபரன்ஷியலுக்கோ ஜி.எல்-5 தான் வேண்டும்.

75டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிர்நிலையையும், அடுத்தது சூடான நிலையையும் குறிக்கும். குளிரில் எண்ணெய் இறுகினால் காலையில் கியர் எளிதில் விழாது. கியர் எண்ணெயின் 90 என்பது, எஞ்சின் எண்ணெயின் 40 அல்லது 50-க்கு ஏறத்தாழ ஒப்பாகும். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்.

கொள்ளளவு சுமார் 2 லிட்டர். பழைய எண்ணெயை வடிக்குமுன், ஊற்றும் துளையின் மூடி கழலுகிறதா என்று பார்த்துக்கொள்க. கிளட்ச் சரியாக விடுபடாவிடினும், வளையம் தேய்ந்திருப்பினும் எவ்வெண்ணெயும் பயன்தராது. எனவே முதலில் பழுதை ஆராய்ந்து, பின்னரே பணத்தைச் செலவிடுதல் சிக்கனமாகும்.