பாக்டீரியா செய்து தரும் மனித என்சைம்

பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலின் 1982-ல் மருந்தாக அனுமதி பெற்ற கதை நாம் கேள்விப்பட்டதுதான். உடம்பில் ஏற்றுவதற்காக இல்லாமல், ஆய்வுக்கூடச் சோதனைக்காகவே தயாராகும் மனிதப் புரதங்களும் உண்டு. கெமிக்கல் பிரிவு மாணவனான நான் அதில் ஒன்றை இங்கே அறிமுகம் செய்கிறேன். பெயர்: கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-2.

இதன் வேலை என்ன?

கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்துப் பைகார்பனேட்டாக மாற்றுவது. இரத்தத்தில் இப்படி ஓர் என்சைம் இருப்பதை 1933-ல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் இருவரும் கண்டறிந்தார்கள். சுமார் 260 அமினோ அமிலங்கள். நடுவே ஒரே ஒரு துத்தநாக அணு. ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை வேலை செய்யும்!

கண்ணுக்குள் நீர் சுரக்கவும் இது உதவுகிறது. இதை அடக்கினால் கண் அழுத்தம் குறையும். 1994-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டார்சோலமைடு என்ற கிளாக்கோமா சொட்டு மருந்து, இந்த என்சைமின் முப்பரிமாண அமைப்பைப் பார்த்து வடிவமைக்கப்பட்டதுதான்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

"மனுஷ சமாச்சாரம் பாக்டீரியாவுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று முதலாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார். அதுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. கொடுத்த ஜீனைப் படித்து அப்படியே செய்யும், அவ்வளவுதான்.

1. மனித ஜீனைப் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் இணைத்து, ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்துவார்கள்.

2. பாக்டீரியா நன்கு பெருகியதும் ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது சுவிட்ச் மாதிரி. உடனே புரத உற்பத்தி தொடங்கும். கூடவே துத்தநாக உப்பும் வேண்டும். துத்தநாகம் இல்லாவிட்டால் என்சைம் வேலை செய்யாது.

3. செல்களை உடைத்து, சல்ஃபோனமைடு பூசிய மணிகள் நிரப்பிய குழாய் வழியே கரைசலை விடுவார்கள். நம் என்சைம் மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டுப் பிறகு இதைப் பிரித்தெடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், டார்சோலமைடும் ஒரு சல்ஃபோனமைடுதான்!

எடை வேறு, வேலை வேறு

ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் சுமார் 29,000 டால்டன் அளவில் ஒரு கோடு தெரியும். சரி, புரதம் இருக்கிறது. ஆனால் வேலை செய்யுமா? செயலிழந்த என்சைமும் அதே இடத்தில்தான் கோடு காட்டும். ஆகவே ஐஸ் குளிரில் வைத்த பஃபரில் கரியமில வாயு கரைத்த தண்ணீரைச் சேர்த்து, பி.எச். 8.3-லிருந்து 6.3-க்கு இறங்கும் நேரத்தைக் குறிப்பார்கள். என்சைம் இல்லாமல் 60 நொடி, சேர்த்தால் 20 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40, அதை 20-ஆல் வகுத்தால் 2 யூனிட்.

இந்தக் கணக்கை விட்டால் என்ன ஆகும்? பாதி செத்த என்சைமில் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறோம். வேகம் குறைகிறது. "ஆஹா, மருந்து அடக்கிவிட்டது!" என்று எழுதிவிடுவோம். உதவாத பொருளின் பின்னால் வருடக்கணக்கில் உழைப்பு போகும். பார்வைக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு ஒரு பயனும் இராது. அதனால்தான் மருந்து சேர்க்காத என்சைமையும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

குப்பி மேல் "ஆய்வுக்கு மட்டும்" என்று இருக்கும். மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. பாக்டீரியாவின் நச்சுப் பொருள்கள் அதில் மிச்சமிருக்கலாம். மனிதருக்குச் செலுத்தும் தரத்துக்கு அதைச் சோதித்திருக்க மாட்டார்கள்.

நாளை எந்த லேபில் வேலைக்குப் போனாலும், என்சைம் குப்பியைக் கையில் எடுத்தால் "எத்தனை மில்லிகிராம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை யூனிட்?" என்றும் கேளுங்கள்.