எழுமுன் மனத்தால் எழுவோம்

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில், கை நடுக்கத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எழ நினைத்தும் உடல் எழாது. வாசற்படியருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் 'சோம்பல்', 'பிடிவாதம்' என்று எண்ணிவிடுகிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்!

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. பழக்கத்தால் தானாக நடக்கும் அசைவுகள் இதனால் தடுமாறுகின்றன. கவனம் வைத்துச் செய்யும் அசைவுகள் அவ்வளவு கெடுவதில்லை. தரையில் கோடு போட்டால் நின்ற கால் அதைத் தாண்டி நடந்துவிடுவது இதனால்தான்.

மனக்காட்சிப் பயிற்சியும் இந்த வழியையே பிடிக்கிறது. ஓர் அசைவை உடலால் செய்யாமல், செய்வதாக உள்ளே உணர்ந்து பார்க்கும்போதும் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன.

நாற்காலியிலிருந்து எழுவதை எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடி, இருக்கையின் விளிம்புக்கு நகர்வதாக நினைக்க வேண்டும். பாதங்கள் முழங்காலுக்குக் கீழே பின்வாங்குகின்றன, உடல் முன்னே சாய்கிறது, பாரம் பாதத்தில் இறங்குகிறது, எழுகிறோம். சினிமாபோல் வெளியிலிருந்து பார்ப்பது போதாது. உள்ளங்காலில் தரை அழுந்துவதுவரை உணர வேண்டும். இரண்டு மூன்று முறை நினைத்தபின், பக்கத்தில் ஒருவர் நிற்க, உண்மையாகவே எழ வேண்டும். இந்நோயில் மனத்தின் அசைவும் மெதுவாகும். ஆகவே அவசரப்படுத்தக் கூடாது. மருந்து நன்றாக வேலை செய்யும் வேளையே ஏற்றது.

பலன் எவ்வளவு? 2007இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மனப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் விரைவாக அசைந்தார்கள். 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 47 பேரிடம் ஆறு வாரம் பார்த்தும், தளர்வுப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. எனவே மருந்தையோ பிசியோதெரபியையோ இதற்காக நிறுத்தக் கூடாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், செலவு ஏதுமில்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்று. பிசியோதெரபிஸ்ட் இந்தியிலோ மராத்தியிலோ படிகளைச் சொல்லித் தருவார். ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் அப்பாவுக்கு அது காதில் விழும், காலுக்கு எட்டாது. பிள்ளைகள் உடனிருந்து கேட்டு, "முன்னே நகருங்கப்பா, காலைப் பின்னால வைங்க, குனிஞ்சு எழுந்திரிங்க" என்று வீட்டுத் தமிழில், தினமும் அதே சொற்களில், நிதானமாகச் சொல்லி வரலாம். பேரக் குழந்தைகள்கூட இதைச் செய்யலாம்.