தொல்லை அழைப்புகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

“பெர்சனல் லோன் வேணுமா சார்?”, “ஓஎம்ஆர் பக்கத்துல பிளாட் போட்டிருக்கோம் மேடம்” என்று வரும் அழைப்புகளை எரிச்சலோடு துண்டிக்கிறோம். எண்ணை பிளாக் செய்கிறோம். மறுநாள் வேறு எண்ணிலிருந்து அதே பேச்சு வருகிறது. சில சமயம் எதிர்முனையில் ஆளே இல்லை, பதிவு செய்த குரல்தான் பேசுகிறது.

இதைக் கட்டுப்படுத்த விதிகள் இருக்கின்றன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வணிக அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்களுக்குமான விதிமுறைகளை 2018 ஜூலையில் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தி இன்னும் கடுமையாக்கியது. ஆனால் விதிகள் இருந்தால் மட்டும் போதாது. மக்கள் புகார் கொடுத்தால்தான் அவற்றுக்கு வலு கூடும்.

செய்ய வேண்டியவை

1. டிஎன்டி (‘தொந்தரவு செய்யாதீர்’) பதிவு செய்யுங்கள். 1909-க்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். அல்லது ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். டிராயின் டிஎன்டி செயலியிலும் பதிவு செய்யலாம். எல்லா விளம்பரங்களையும் நிறுத்த வேண்டும் என்பதில்லை. வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, சுகாதாரம், சுற்றுலா, உணவு என்று வகை பிரித்து, வேண்டாததை மட்டும் தடுக்க வழி உண்டு.

2. எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பதிவு பெற்ற விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அரசு அமைப்புகளும் வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களும் சேவை தொடர்பாக அழைக்க 1600 வரிசை இருக்கிறது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால், அதுவே விதிமீறல்.

3. எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு.

4. ஏழு நாளுக்குள் புகார் கொடுங்கள். முன்பு மூன்று நாள்தான் அவகாசம் இருந்தது. அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்று ஓரிரு வரி, இவை போதும். வணிக அழைப்புக்குப் பதிவு பெறாதவர்கள் தொல்லை தந்தால், நீங்கள் டிஎன்டியில் பதிவு செய்யாமலிருந்தாலும் புகார் செல்லும். அப்படிப்பட்டவர் மீது தொலைபேசி நிறுவனம் ஐந்து நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

5. விளம்பரச் செய்தியிலேயே இருக்கும் விலகல் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த வசதியைத் தருவது இப்போது கட்டாயம். நீங்கள் ஒப்புதலை விலக்கிக்கொண்டால், அந்த நிறுவனம் 90 நாள்களுக்கு மறுபடி ஒப்புதல் கேட்டு வரக்கூடாது.

6. தொல்லையையும் மோசடியையும் பிரித்துப் பாருங்கள். விளம்பரத் தொல்லைக்கு 1909. ஏமாற்ற முயல்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதி. பணமே போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930.

செய்யக்கூடாதவை

1. பிளாக் செய்ததோடு விட்டுவிடாதீர்கள். பிளாக் உங்கள் போனை மட்டும்தான் காக்கும். பதிவு பெறாத ஓர் எண் மீது பத்து நாளில் ஐந்து புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்கிவிடும். விதிமீறல் உறுதியானால் முதல் முறை அவர் 15 நாள்களுக்கு யாரையும் அழைக்க முடியாது. மறுபடியும் செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். உங்கள் புகார் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம்.

2. பதிவுக் குரல் சொல்கிறதே என்று எந்த எண்ணையும் அழுத்தாதீர்கள். “டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்தவும்” என்று வருவது மோசடி. டிராய் யாரையும் அப்படி அழைப்பதில்லை.

3. டிஎன்டி போட்டால் போன் மௌனமாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஓடிபியும் வங்கிக் கணக்குத் தகவலும் வந்துகொண்டுதான் இருக்கும், வரவும் வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் இந்த விதிமுறைகளுக்குள் வருவதில்லை. அங்கே அந்தச் செயலியிலேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டும்.

4. கண்ட இடத்தில் நம்பரைக் கொடுக்காதீர்கள். துணிக்கடைக் குலுக்கல் கூப்பன், கண்காட்சி வாசலில் நீட்டும் படிவம், புதிய செயலி கேட்கும் அனுமதி, எதிலும் பொடி எழுத்தில் ஒப்புதல் ஒளிந்திருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்.

5. எதிர்முனையில் பேசும் ஊழியரைத் திட்டாதீர்கள். மாத இலக்குக்காகப் பட்டியலைப் பார்த்து அழைப்பவர் அவர். திட்டினால் அவர் மனம் நோகும், முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அதுதான் உதவும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

டியூஷன் சென்டர், ஜவுளிக்கடை, மனை விற்பவர் என எல்லோருக்கும் இதே விதிதான்.

செய்யுங்கள்: வணிகச் செய்தி அனுப்புவோருக்கான தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் செய்தி வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். தானியங்கிக் கருவி மூலம் அழைப்பதாக இருந்தால், உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கு முதலிலேயே தெரிவியுங்கள்.

செய்யாதீர்கள்: சொந்த சிம்மிலிருந்து மொத்தமாக எஸ்எம்எஸ் தட்டாதீர்கள். “பத்தாயிரம் நம்பர் இருக்கு, வாங்கிக்கோங்க” என்று வருபவரிடம் பட்டியல் வாங்காதீர்கள். பில் போடும்போது வாடிக்கையாளர் சொன்ன நம்பரை விளம்பரத்துக்கான ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஎன்டியில் இருப்பவருக்கு விளம்பரம் அனுப்ப அவருடைய வெளிப்படையான சம்மதம் வேண்டும். “உங்கள் ஆர்டர் தயார்” என்ற செய்தியின் வாலில் தள்ளுபடி அறிவிப்பை ஒட்டாதீர்கள். ஒட்டினால் முழுச் செய்தியும் விளம்பரக் கணக்கில்தான் சேரும்.

புகார்களைக் குறைத்துக் காட்டும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் தண்டனை உண்டு. முதல் முறை 2 லட்சம் ரூபாய், இரண்டாம் முறை 5 லட்சம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம். ஆக, கொடுக்கும் புகாரைக் குப்பையில் போடுவது அவர்களுக்கும் எளிதல்ல. அடுத்த தொல்லை அழைப்பு வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, அதே கையோடு 1909-க்கு ஒரு புகாரை அனுப்புங்கள்.