மெயின்பிரேமுக்கு ஒரு மொழியைக் கொண்டு செல்ல எந்த வழி?

லுவா, பெர்ல், பைத்தான் போன்ற ஒரு மொழியை ஐபிஎம் மெயின்பிரேமில் ஓடவைக்க நினைப்பவர் முதலில் தேடுவது சி கம்பைலரை. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மொழியில் எழுதப்படும் நிரல்கள் எந்தத் தரவைத் தொடப்போகின்றன? பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

தரவு ஒரு டேட்டாபேஸிலோ நெட்வொர்க் வழியாகவோ கிடைக்கிறது என்றால், அதே இயந்திரத்தில் ஓடும் லினக்ஸே போதும். கோ மொழிக்கு 2016இல் வந்த 1.7 பதிப்பிலேயே அங்கு ஆதரவு உண்டு. பிரபல மொழிகள் பெரும்பாலும் தயாராகவே கிடைக்கின்றன. எண்ணின் பெரிய பைட் முதலில் வரும் இயந்திரம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இங்கே வீரம் காட்ட எதுவும் இல்லை. எளிய வழி இருக்கும்போது அதையே எடுக்க வேண்டும்.

தரவு டேட்டாசெட் எனப்படும் மெயின்பிரேம் கோப்புகளில் கிடந்து, கோபோல் நிரல்களுக்கு நடுவே, ஜேசிஎல் என்ற வேலைக் கட்டளை மொழி மூலம் இரவில் ஓடும் வேலைகளில் உங்கள் மொழி பங்கெடுக்க வேண்டுமானால், மெயின்பிரேமின் சொந்த இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸின் உள்ளேயே போக வேண்டும். அங்கே 1990களின் நடுவிலிருந்து யூனிக்ஸ் அடுக்கு ஒன்று இருக்கிறது. ஷெல், கோப்பு மரம், சி நூலகம் எல்லாம் பழகிய முகத்தோடு வரவேற்கும். ஆனால் இங்கே எழுத்துகளை எண்களாக்கும் முறை ஆஸ்கி அல்ல, எப்சிடிக்.

ஆஸ்கியில் ஆங்கிலப் பேரெழுத்துகள் 65 முதல் 90 வரை இடைவெளியின்றி நிற்கின்றன. எப்சிடிக்கில் ஏ 193. ஒன்பதாவது எழுத்தான ஐ 201, அடுத்த ஜே 209. ஆர் 217, அடுத்த எஸ் 226. துளை அட்டைக் காலத்திலிருந்து வந்த இடைவெளிகள் இவை. ஏ முதல் இசட் வரையுள்ள எண்களுக்குள் இருந்தால் அது எழுத்து என்று நம்பி எழுதிய லெக்ஸர் இங்கே தவறும். வரிசைப்படுத்தலும் மாறும்: சிற்றெழுத்துகள் பேரெழுத்துகளுக்கு முன்னால், இலக்கங்கள் எல்லா எழுத்துகளுக்கும் பின்னால். சதுர அடைப்புக்குறிகளோ 037, 1047 என்ற இரண்டு குறிப்பக்கங்களில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. அடைப்புக்குறியை நம்பி வாழும் மொழிக்கு இது சிறிய தொல்லை அல்ல.

எப்சிடிக்கைக் கையாள இரண்டு முறைகள். உள்ளே முழுக்க எப்சிடிக்காகவே இயங்குவது. அல்லது உள்ளே ஆஸ்கியாக இருந்து, கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மாற்றுவது. பெர்ல் முதல் முறையில் போனது. கவனிப்பு குறைந்த காலத்தில் அந்தப் போர்ட் நலிந்தது, 2015இல் 5.22 பதிப்பில்தான் இசட்/ஓஎஸ்ஸில் மறுபடி ஒழுங்காக இயங்கத் தொடங்கியது. மற்றவர்கள் எழுதிய ஏராளமான நூலகங்களை நம்பியிருக்கும் பெரிய மொழிக்கு இரண்டாவது முறையே நல்லது என்பது என் முடிவு. அந்த நூலகங்களை எழுதியவர்களில் எப்சிடிக்கை மனதில் வைத்தவர்கள் மிகச் சிலரே.

லினக்ஸ், யூனிக்ஸ் அடுக்கு ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. யூனிக்ஸ் அடுக்கே இல்லாத எம்விஎஸ் 3.8 என்ற பழைய ஐபிஎம் இயங்குதளத்துக்கு நேரடியாகப் போவது. ஹெர்குலிஸ் எமுலேட்டரில் இதை வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம். ஜிசிசி 3.2.3இன் எம்விஎஸ் போர்ட்டும், அதனுடன் சேரும் பிடிபிசிலிப் என்ற சி நூலகமும் கிடைக்கின்றன. முகவரி 24 பிட், அதாவது 16 மெகாபைட். அதிலும் ஒரு பகுதி இயங்குதளத்துக்குப் போய்விடும். இன்றைய பைத்தானை மறந்துவிடுங்கள். தூய சி மொழியில் எழுதப்பட்ட சிறிய லுவா 5.1 இந்த இடத்துக்குப் பொருந்தும்.

பொருந்தினாலும் சிக்கல்கள் காத்திருக்கின்றன. பழைய லிங்கர் வெளிப்பெயர்களில் எட்டு எழுத்துகளை மட்டுமே அறியும். லுவாஎல்_செக் என்று தொடங்கும் செயற்கூறுகள் எல்லாவற்றுக்கும் முதல் எட்டு எழுத்துகள் ஒன்றே! மூலக் கோப்புகளை ஒரே கோப்பாகச் சேர்த்து, செயற்கூறுகளை ஸ்டாட்டிக் ஆக்கினால் இதிலிருந்து தப்பலாம். மிதவைப் புள்ளி எண்கள் பதினாறடிமான வடிவில் இருப்பதால் முடிவிலி என்ற மதிப்பே கிடையாது. பூஜ்ஜியத்தால் வகுத்தால் நிரல் முறிந்து விழும். சிஸ்டம்/360 குடும்பம் 1964இல் ஸ்டாக் இல்லாமல் பிறந்தது. அழைப்பவர் தரும் 72 பைட் இடத்தில் அழைக்கப்பட்டவர் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கிறார். சி கம்பைலர் தன் ஸ்டாக்கை இந்த மரபின்மேல்தான் கட்டுகிறது. லுவா பிழைகளை லாங்ஜம்ப் வழியாகக் கையாளுவதால், நூலகத்தில் அது சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கோப்புகள்தான் வேறு உலகம்: 80 எழுத்துப் பதிவுகள், வரி முடிவுக் குறி இல்லை, வரியின் கடைசியில் நிரப்பிய வெற்றிடங்கள். அந்த வெற்றிடங்களை நீக்குவதா வைப்பதா என்பதை நீங்களே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

சி கம்பைலரே உதவாத, ஐபிஎம் அல்லாத இயந்திரங்களுக்கு நான்காவது வழி ஒன்று உண்டு. யூனிசிஸ் நிறுவனத்தின் இயங்குதளங்களில், ஓஎஸ் 2200இல் சொல் 36 பிட், எம்சிபியில் 48 பிட். எதிர்மறை எண்களைக் குறிக்கும் முறையும் வேறு. சி மொழியின் 2023 தரநிலை அத்தகைய முறைகளைக் கைவிட்டுவிட்டது. இங்கே ஒரு சிறிய கற்பனை இயந்திரத்தை வரையறுத்து, அதை அந்தக் கணினியின் சொந்த மொழியில் எழுதுவதே நல்லது. எம்சிபியில் அது ஆல்கால். பாஸ்கலின் பி-கோடும் ஸ்னோபால்4இன் மேக்ரோ மொழியும் இப்படித்தான் பல இயந்திரங்களுக்குப் பரவின.

அலுவலக வேலைக்கு லினக்ஸ். அது முடியாதபோது யூனிக்ஸ் அடுக்கு. இயந்திரத்தைக் கற்க விரும்பினால் எம்விஎஸ் 3.8இல் லுவா. எதை எடுத்தாலும் முதல் சோதனை ‘ஹலோ வேர்ல்ட்’ ஆக இருக்க வேண்டாம். 80 எழுத்து டேட்டாசெட் ஒன்றைப் படித்து, வரிசைப்படுத்தி, இன்னொன்றில் எழுதிப் பாருங்கள். அது தேறியதும் உங்கள் திருத்தங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளாமல், சோதனைகளோடு சேர்த்து மொழியின் மூலத் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள்.