பாலில் தண்ணீரா? பாட்டிலில் தண்ணீரா?

குஜராத்தில் ஆனந்த் என்று ஓர் ஊர் உண்டு. அமுல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பால் கூட்டுறவு ஒன்றியம் 1946ஆம் ஆண்டில் பதிவானது. சுற்றுக் கிராமங்களில் காலையும் மாலையும் பெண்கள் பால் ஊற்ற வருவார்கள்.

அப்படி வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரே ஓர் எருமை. பால் பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது. ஒருநாள் அவரிடம், "பென், உங்கள் பாலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் இருக்கிறதாம்" என்கிறார்கள். (குஜராத்தியில் பென் என்றால் சகோதரி.) அவர் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை. பிறகு எப்படி?

பால்மானியை ஏமாற்றிவிடலாம். தண்ணீரோடு சர்க்கரையும் சேர்த்தால் அளவு சரியாகக் காட்டும். அதனால் ஆய்வுக்கூடத்தில் பாலை உறைய வைத்தும் பார்ப்பார்கள்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். பாலில் பால் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. ஆகவே பால் இன்னும் கீழே, சுமார் மைனஸ் 0.54 டிகிரியில் உறையும். கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு 0 பக்கம் ஏறும். நூற்றில் ஒரு பங்குக்கு ஏறுவது 0.005 டிகிரிதான். ஐந்து பங்குக்கு 0.027 டிகிரி. காய்ச்சல் பார்க்கும் கருவியில் ஒரு சின்னக் கோடு சுமார் 0.1 டிகிரி. அதில் நாலில் ஒரு பங்கு தவறினாலும் போதும், நல்ல பால் தண்ணீர்ப் பால் ஆகிவிடும்! ஆகவே கருவியைச் சுத்தமான தண்ணீரிலும், அளந்து போட்ட உப்புக் கரைசலிலும் அடிக்கடி சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. குளிரவைத்தால் பால் உடனே உறையாது. உறைய வேண்டிய இடத்தைத் தாண்டி, இன்னும் கீழே இறங்கும். பிறகு தட்டினால் அல்லது கலக்கினால் சட்டென்று உறையத் தொடங்கும். அப்போது வெப்பம் வெளிவந்து அளவு மேலே ஏறி, ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடம்தான் கணக்கு. அதற்கு முன் பார்த்தால் தவறு. அளவுக்கு மீறிக் குளிரவைத்தாலும் தவறு. பனிக்கட்டி நிறைய உண்டாகி, மீதிப் பால் கெட்டியாகும். அளவு கீழே காட்டும். அப்போது தண்ணீர் கலந்த பாலும் தப்பிவிடும்.

பால் புளித்தாலும் இதே கதைதான். பால் சர்க்கரை உடைந்து அமிலமாகும். அளவு கீழே போகும். ஆகவே மாதிரிப் பாலைக் குளிரில் வைத்து, சீக்கிரம் சோதிக்க வேண்டும். உப்பைக் கலந்தும் சிலர் ஏமாற்றுவார்கள். அதற்குத் தனிச் சோதனை உண்டு.

சரி, அந்தப் பெண்ணின் பாலுக்கு என்ன ஆயிற்று? மாதிரி எடுத்த பாட்டிலைக் கழுவினார்கள். ஆனால் கவிழ்த்து உலர வைக்கவில்லை. அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் தங்கியிருந்தது. ஒரு தேக்கரண்டி 5 மில்லி. அதன்மேல் 95 மில்லி பால். கணக்குச் சரியாக ஐந்து பங்கு!

உலர்ந்த பாட்டிலில் மறுபடி மாதிரி எடுக்கும்படி அவர் கேட்கலாம். எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம்.