குழுவில் சேருங்கள், ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளைகளின் செல்போனைத் திறந்தால், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வேலைவாய்ப்புக் குழுக்கள் வரிசையாக நிற்கும். காலையில் வந்த 'வாக்-இன்' அறிவிப்பே மாலைக்குள் நாலு குழுக்களைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து விழும். அந்தக் குழுக்களில் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களில் ஒருவருக்குக்கூட நம்மைத் தெரியாது. அவற்றில் பாதியை விட்டு இன்றைக்கே வெளியேறலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. மிச்சமாகும் நேரத்தை நம்மைத் தெரிந்துகொள்ள வாய்ப்புள்ள இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள்.

வேலை யார் மூலமாகக் கிடைக்கிறது என்று மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில் ஆராய்ந்தார். 1973-ல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்போம் என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பழக்கம் உள்ளவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறவர். அங்கே ஆள் தேவைப்படும் சேதி அவர் காதில்தான் முதலில் விழும்.

லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுக் காலம் கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தூரத்துப் பழக்கம் உதவுகிறது என்பதை அதுவும் உறுதிப்படுத்தியது; ஆனால் மிகவும் தூரமாகிவிட்டால் பலன் குறைகிறது, ஓரளவு பழக்கம் உள்ளவர்களே அதிகம் உதவுகிறார்கள் என்றது. இந்த 'ஓரளவு பழக்கம்' விளைகிற இடம்தான் குழு. நம் முகம் அங்கே சிலருக்குத் தெரியும், பெயர் தெரியும், இன்ன வேலையைக் கொடுத்தால் ஒழுங்காக முடிப்பார் என்பதும் தெரியும். முகமும் பெயரும் தெரிய, போய் உட்கார்ந்தாலே போதும். மூன்றாவது தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகாட்ட வேண்டும்.

புதிதாக வருகிறவர் ஒரு தொழில்கூட்டத்துக்குள் எப்படி நுழைகிறார் என்பதை ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தையல் பட்டறைகளில் கவனித்தார். எட்டியன் வெங்கருடன் சேர்ந்து 1991-ல் அவர் எழுதிய நூலில் அந்தப் பட்டறைகளும் வருகின்றன. அங்கே சேரும் பையன் முதலில் பொத்தான் தைக்கிறான், ஓரம் மடித்து அடிக்கிறான். முழு உடுப்பைத் தைப்பது அதற்குப் பிறகு. துணி வெட்டுவது கடைசியில். நம் ஊர்த் தையல்கடையிலும் இதே வரிசைதான். ஹெம்மிங்கும் பட்டனும் கட்டிக்கொண்டிருந்த பையன்தான் ஒருநாள் மாஸ்டராகிக் கட்டிங் டேபிளுக்குப் போகிறார். பட்டன் கோணலாக விழுந்தால் பிரித்துத் தைத்துவிடலாம், துணி வீணாகாது. அதே நேரம் முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்பது நாள் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒரு பட்டன் வேலை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கேட்டு வாங்குங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் இணையம். நிரல் எழுதுகிறவர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-ல் தொடங்கியது. 'என் புரோகிராம் ஓடவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்' என்று அங்கே கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கேள்வியையே மூடிவிடுவார்கள். என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன, இதுவரை எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும். கூடவே, பிழையைக் காட்டும் அளவுக்கு மட்டும் சுருக்கிய நிரல். இப்படிக் கேட்கக் கற்றவர் அலுவலகத்தில் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் தெளிவாக எழுதுவார். பதில் கிடைத்ததும் காணாமல் போகாதீர்கள். எது பலித்தது என்பதை அதே இடத்தில் எழுதிவையுங்கள். உங்கள் முதல் பட்டன் அதுதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கம்பெனியின் நிரலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ பொதுத் தளத்தில் ஒட்டினால் அது வேலைக்கே உலை வைத்துவிடும்.

மொழிபெயர்ப்பு, பதிப்பு, உள்ளடக்கம் என்று எழுத்து சார்ந்த வேலை தேடுகிறவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. 2003-ல் தொடங்கிய அதை ஆரம்ப நாட்களில் வளர்த்தெடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அங்கே 'மணல்தொட்டி' என்று ஒரு பக்கம் உண்டு. என்ன வேண்டுமானாலும் எழுதிப் பழகலாம். பொதுவான சந்தேகங்களைக் கேட்க 'ஆலமரத்தடி' இருக்கிறது. ஒற்றுப்பிழை திருத்துவது, மேற்கோள் இல்லாத வரிக்கு மேற்கோள் சேர்ப்பது போன்ற சின்ன வேலைகளில் தொடங்குங்கள். உங்கள் ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்தோடு வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். நேர்முகத் தேர்வில் "தமிழில் நன்றாக எழுதுவேன்" என்று வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது எவ்வளவோ மேல்.

இனி, நேரில் கூடும் இடங்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தயங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேடைப் பேச்சுப் பழக டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன. 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு. இன்று தமிழிலேயே கூடும் மன்றங்களும் உண்டு. ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். தயாரித்த உரைக்கு வழக்கமாக ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை உயரும், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ஒருவர் 'ஆ', 'ம்' என்ற இழுவைகளை எண்ணிக்கொண்டிருப்பார். இன்னொருவர் எழுந்து, இந்த உரையில் எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று இரண்டு மூன்று நிமிடம் எல்லார் முன்னாலும் சொல்லுவார். கூச்சம் உள்ளவர்கள் பேசுவதற்கு முன் நேரக்காப்பாளர் பொறுப்பைக் கேட்டு வாங்கலாம். அட்டையைத் தூக்கிப் பிடித்தால் போதும். ஆனால் கூட்டத்தின் முடிவில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எழுந்து சொல்ல வேண்டும். நாற்பது பேர் முன்னால் நிற்கும் பயம் அந்த ஒரு நிமிடத்தில் பாதி போய்விடும். உறுப்பினர் ஆனால் அரையாண்டுக் கட்டணம் உண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

மென்பொருள் பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னையில் வழி அதிகம். 1998 முதல் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. பைத்தான் நிரலாளர்களின் சென்னைபை குழு மாதத்தின் நான்காம் சனிக்கிழமை கூடுவது வழக்கம். விழுப்புரத்திலும் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு மாணவர்களோடு வேலை செய்துவருகிறது, பெருநகரத்தில் இருந்தால்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டியதில்லை.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இயங்குகிறது. டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறார்கள். பதிவைப் புதுப்பிக்க மட்டுமே அந்தப் படி ஏறுகிறவர்கள் அநேகம் பேர். உள்ளே போய் விசாரியுங்கள். தனியாக அறைக்குள் அடைந்து படிப்பவருக்கும், ஐந்தாறு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாடத்தை எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கும் மனத்தெம்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தேர்வு தள்ளிப்போகும் மாதங்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தொழில்முறைச் சங்கங்கள் வேறு மாதிரி. அவற்றுக்கு வயது அதிகம், வரிசைமுறையும் அதிகம். இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் 1920-ல் சென்னையில்தான் பதிவானது. செவிலியர் சங்கத்துக்கு 1908 முதல் வரலாறு, மாணவச் செவிலியருக்குத் தனி அமைப்பும் உண்டு. பட்டயக் கணக்காளர்களுக்குப் படிப்பு வட்டங்கள் இருக்கின்றன. கோவையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு 1969 முதல் கொடிசியா. மேடையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுத் திரும்பினால் பயனில்லை. கூட்டக் குறிப்பெழுத ஆள் கிடைக்காமல் செயலாளர் திண்டாடிக்கொண்டிருப்பார். "சார், நான் எழுதித் தரட்டுமா?" என்று கேளுங்கள். குறிப்பைச் சரிபார்க்க ஒவ்வொரு பேச்சாளரையும் நீங்கள் அழைத்தாக வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்களோடு பேச அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்டால், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கிப் பிறகு 'டெபாசிட்' கேட்டால், ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால், அந்த நிமிடமே வெளியேறுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். பெண்கள் முதல் சந்திப்புக்குப் பொது இடத்தில், பகல் நேரத்தில் நடக்கும் கூட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கேள்வி கேட்பவரைக் கேலி செய்யும் குழுவில் யாரும் தங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆறு மாதம் பழகிய பிறகு உதவி கேட்பதில் தவறே இல்லை. "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்கப்பட்டவருக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. இப்படி எழுதலாம்: "சார், வணக்கம். மாதக் கூட்டங்களில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். உங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகப் பார்த்தேன். என் ரெஸ்யூமே ஒரு பக்கம்தான். அந்த வேலைக்கு இதில் என்ன குறை என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய உதவியைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள்.

இணையத்தில் ஒன்று, ஊரில் ஒன்று, தொழிலில் ஒன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம், மூன்றும் ஒரே மாதத்தில் தொடங்கவும் வேண்டாம். இந்த வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்துக்கு அரை மணி முன்னதாகவே போய், "நாற்காலி போடவா, பதிவேட்டை எடுத்துக்கொள்ளவா?" என்று கேளுங்கள்.