பைதனுக்குள் சி: எந்த இடத்தில், எவ்வளவு?

கேள்வி: மொன்றியலின் ரொக்ஸ்பரோவில், ரிவியேர் தே பிரெரி ஆற்றுக்குக் கிட்ட இருக்கிறோம். 2017, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு, ஆறு பெருகினால் தண்ணீர் எந்தத் தெருவால் ஏறும் என்று காட்டும் நிரல் ஒன்றை பைதனில் எழுதியிருக்கிறேன். நிலத்தை ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டங்களாகப் பிரித்து, 5000 காலப்படிகள் ஓட்டுகிறேன். இரவு முழுவதும் ஓடுகிறது. எல்லாவற்றையும் சி மொழியில் திருப்பி எழுதவா? அல்லது பைதனுக்குள்ளேயே சி நிரலைச் செருகுவது போதுமா?

– வாசகர், ரொக்ஸ்பரோ

பதில்: திருப்பி எழுத வேண்டாம். வரைபடத்தைப் படிப்பது, மழைத் தரவைச் சேர்ப்பது, படம் வரைவது எல்லாம் பைதனிலேயே இருக்கட்டும். அவற்றை வேகப்படுத்தி நீங்கள் பெறப்போவது சில விநாடிகள்தான். இரவைத் தின்பது ஒரேயொரு வேலை: ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் பக்கத்து நான்கு கட்டங்களோடு ஒப்பிடும் அந்த உள்வட்டம். பத்து லட்சம் கட்டம், 5000 படி. மொத்தம் 500 கோடி முறை. என் சொல்லை நம்பிவிடாமல், பைதனோடு வரும் புரொஃபைலரை ஒருமுறை ஓட்டி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பைதன் அங்கே திணறுவதற்குக் காரணம் உண்டு. சி மொழியில் ஒரு தசம எண் 8 பைட். வழக்கமான 64 பிட் பைதனில் அதே எண் 24 பைட் கொண்ட ஒரு பொருள். ஒவ்வொரு கூட்டலிலும் இது என்ன வகை என்று பார்த்து, விடைக்குப் புதுப் பொருள் உண்டாக்க வேண்டும். 500 கோடி முறை அதைச் செய்தால் விடிந்துவிடும்.

மொன்றியலுக்கு இது புதிய சிக்கல் அல்ல. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஆழ்கற்றல் ஆய்வாளர் யோஷுவா பென்ஜியோவின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய தியானோ என்ற பைதன் நூலகம் இதற்காகவே பிறந்தது. ஆய்வாளர் சமன்பாட்டை பைதனில் எழுதுவார். தியானோ அதைச் சுருக்கி, சி நிரலாக்கி, கொம்பைல் செய்து, வந்த நூலகத்தை ஓடிக்கொண்டிருக்கும் பைதனுக்குள்ளேயே ஏற்றும். கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அதில் ஓடும் கூடா (CUDA) நிரலாகவும் எழுதித் தரும். ஒரு கணிதச் செயலுக்கான பைதன் வகுப்பைத் திறந்தால், உள்ளே சி நிரல் வெறும் எழுத்துச் சரமாக இருக்கும். ஆழ்கற்றலின் ஆரம்ப ஆண்டுகளில் எத்தனையோ ஆய்வுகள் இதன்மேல் நடந்தன. 2017 செப்டெம்பரில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதன் வடிவமைப்பில் எனக்கு இன்றும் பெருமதிப்பு. ஆனால் முதல் ஓட்டத்தில் கொம்பைலுக்காகக் காத்திருக்க வேண்டும். பிழை வந்தால் சி கொம்பைலரின் செய்தி பைதன் மட்டும் தெரிந்தவரின் முகத்தில் வந்து விழும். செருகுவதற்குக் கொடுக்கும் விலை அதுதான்.

உங்களுக்கு முதலில் நம்பா (Numba) என்ற பைதன் நூலகத்தைப் பரிந்துரைப்பேன். அந்த உள்வட்டத்தைத் தனிச் செயற்பாடாகப் பிரித்து, தலைமேல் ஒரு வரி சேர்த்தால், முதல் அழைப்பில் அதை இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். நீங்கள் ஒரு வரி சி கூட எழுதத் தேவையில்லை. பெரும்பாலும் இதிலேயே உங்கள் பிரச்சினை தீரும்.

அதே கணக்கை வேறு மொழி நிரல்களும் பயன்படுத்த வேண்டுமென்றால், அல்லது கையில் ஏற்கனவே நல்ல சி நிரல் இருந்தால், பைதனோடு வரும் சிடைப்ஸை எடுங்கள். சி செயற்பாட்டைப் பகிர்வு நூலகமாகக் கொம்பைல் செய்து ஏற்ற வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சி என்ன வகை எண்ணைத் திருப்பித் தருகிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். தசம விடை குப்பையாக வரும், எச்சரிக்கை ஒன்றும் வராது. பைதனின் நம்பை (NumPy) நூலகத்து அணியை வெட்டியோ திருப்பியோ அனுப்பினால், நினைவகத்தில் அதன் எண்கள் சி எதிர்பார்க்கும் வரிசையில் அடுத்தடுத்து இல்லாமல் போகலாம். சி அது தெரியாமல் நேராக வாசிக்கும். அணியின் எல்லையைத் தாண்டி எழுதினாலும் சி தடுக்காது. நிரல் சட்டென்று நின்றுபோனால் நல்லது. நிற்காமல் பக்கத்து நினைவகத்தைக் கெடுத்துக்கொண்டே ஓடினால், பிழையான வரைபடத்தை ஒரு தெருவே நம்பும். வெள்ளக் கணக்கில் அதை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் சி செயற்பாட்டை அழைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை பைதனுக்கும் சிக்கும் இடையிலான எல்லையைக் கடப்பதற்கும் ஒரு செலவு உண்டு. 500 கோடி முறை கடந்தால் பழைய வேகத்துக்கே திரும்புவீர்கள். முழு அணியையும் ஒரேயடியாகக் கொடுத்து, நூறு படிகளை உள்ளேயே முடித்துவிட்டு வெளியே வரட்டும். பழைய மட்டங்களுக்கு ஓர் அணி, புதியவற்றுக்கு இன்னோர் அணி வைத்திருங்கள்.

மெதுவான பைதன் பதிப்பை அழிக்காதீர்கள். இருபதுக்கு இருபது கட்டத்தில் இரண்டையும் ஓட்டி, விடைகள் தசமங்களின் மிகச் சிறிய வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு மழையை நிறுத்தி, கரைகளை மூடிவைத்து ஓட்டுங்கள்: தொடக்கத்தில் இருந்த மொத்த நீரின் அளவு முடிவிலும் அப்படியே இருக்க வேண்டும்.